குடும்ப வாகு என்னும் சாக்கு

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

எண்ணூர்ப் பக்கத்தில் ஏதாவது ஒரு கிளினிக்கில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இந்தக் கேள்வி நாலைந்து தடவை காதில் விழும். மார்கழி என்றால் இன்னும் கூடும். ஓரத்தில் நெபுலைசர் மெஷின் கொர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். போன மார்கழியில் நான் பார்த்த பையனுக்கு நாலு வயது இருக்கலாம். அம்மா மடியில் சாய்ந்து கிடந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது. அந்த நிலையிலும், முகமூடியின் ஓட்டை வழியே வெளியேறும் மருந்துப் புகையைப் பிடிக்க விரலை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தான். டாக்டர் கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க மாமியாருக்கு இளைப்பு இருந்துது டாக்டர். சாகற வரைக்கும் இருந்துது" என்றார். "அப்ப அதான். குடும்ப வாகு." அட்டையில் ஒரு டிக். அடுத்த டோக்கன்.

எனக்கு வழக்கு அந்த டிக்கோடுதான். டாக்டரோடு இல்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது அவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி அது. கிளினிக் வாசலைத் தாண்டியதும் அந்த டிக் என்னவாக மாறுகிறது என்பதுதான் விஷயம். டீக்கடையில் அது 'ஆஸ்துமா பரம்பரை நோய்ப்பா' ஆகிறது. ஆலைகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் 'மூச்சுத்திணறலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்' ஆகிறது. படித்தவர்கள் வாயில் 'எல்லாம் ஜெனடிக்ஸ்' ஆகிறது. எந்த வழியில் போனாலும் வந்து சேரும் இடம் ஒன்று: புகைபோக்கி மேல் பழி போடாதே, உன் பாட்டியைக் கேள்.

சரி, பாட்டியையே கேட்போம். அந்த மாமியார் எங்கே வாழ்ந்தார் என்று விசாரித்தேன். பையன் இருக்கும் அதே நெட்டுக்குப்பம், அதே வீடு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 2017 மார்ச்சில் மூடும்வரை 47 வருஷம் நிலக்கரியை எரித்தது. அந்த அம்மாள் கல்யாணமாகி வந்து, பிள்ளை பெற்று, கருவாடு காயவைத்து, பேரன் பேத்தி பார்த்த காலமெல்லாம் அந்த 47 வருஷத்துக்குள் அடங்கிவிடும். மாமியார் மூலமாக அந்தப் பையனுக்கு ரத்தம் வந்தது உண்மை. வீடும் அவர் மூலமாகத்தான் வந்தது. குப்பமும் வந்தது, தொழிலும் வந்தது, காற்றும் வந்தது. குடும்பத்தில் இருக்கிறது என்றால் ஜீனில் இருக்கிறது என்று யார் சொன்னது? குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களும்தான்.

ஆஸ்துமாவுக்கும் மரபணுவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. இருக்கிறது. அட்லாண்டிக் கடலுக்கு நடுவே திரிஸ்தான் தா குன்ஹா என்று ஒரு தீவு. முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி வந்து குடியேறிய பதினைந்து பேரின் வம்சம்தான் மொத்த ஊரும். வந்தவர்களில் சிலருக்கே இளைப்பு இருந்தது. 1990-களில் டொராண்டோ மருத்துவர் நோயே ஸமெல் குழு போய்ப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் ஆஸ்துமாவின் அறிகுறி. புகை கக்கும் ஆலை இல்லை, அனல்மின் நிலையம் இல்லை. மூதாதையரைக் குற்றம் சொல்ல உலகத்தில் பொருத்தமான ஊர் ஒன்று உண்டென்றால் அது திரிஸ்தான்.

எண்ணூர் திரிஸ்தானா? கடற்கரைக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மீனவர்கள். கொஞ்சம் தள்ளி பர்மா நகர். எர்ணாவூரில் சுனாமிக் குடியிருப்பு. அத்திப்பட்டுப் பக்கம் தகரக் கொட்டகைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். இவர்களுக்குப் பொதுவான பாட்டன் யார்? ஆதாமிடம்தான் போகவேண்டும். கிளினிக் பெஞ்சில் இவர்கள் எல்லோருமே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது ஜீன் ஆராய்ச்சியிடமே போவோம். 'எல்லாம் ஜெனடிக்ஸ்' என்பவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேசுவதில்லை. 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டில் குக்சன், ஹாப்கின் குழு பதினோராம் குரோமோசோமில் ஒவ்வாமைக்கான இடத்தைச் சுட்டிக்காட்டியபோது, இதோ ஆஸ்துமா ஜீன் அகப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. 2002-ல் ஆடம்-33 என்று இன்னொன்று. 2007-ல் பதினேழாம் குரோமோசோமில் 17க்யூ21 என்ற இடம். இதுதான் பிறகு வந்த ஆய்வுகளிலும் தாக்குப்பிடித்து நின்றது. 2010-ல் கேப்ரியல் என்ற கூட்டாய்வு 10,365 ஆஸ்துமா நோயாளிகளையும் நோயில்லாத 16,110 பேரையும் ஒப்பிட்டது. கடைசியில் அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள்: இந்த ஜீன்களை வைத்து யாருக்கு ஆஸ்துமா வரும் என்று கணிப்பது உருப்படியாக நடக்காது. 2018-ல் உலகம் முழுவதிலுமிருந்து 1,42,000 பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தவை பதினெட்டு இடங்கள். ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். ஜாதகத்தில் பதினெட்டு கிரகம் இருந்தால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படி.

அந்த 17க்யூ21-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2008-ல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்த பூஸிகோன் குழு ஒரு விஷயத்தைக் கவனித்தது. இந்த ஜீன் வேற்றுமை சின்ன வயதிலேயே வரும் ஆஸ்துமாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலும், கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் யாராவது சிகரெட் பிடித்திருந்தால் அந்த ஒட்டுதல் இன்னும் வலுத்தது. அதாவது, ஜீன் ஒரு திரி. தீக்குச்சி வெளியிலிருந்து வருகிறது. குடும்ப வாகு என்று டிக் போடுகிறவர்கள் திரியைப் பார்த்துவிட்டுத் தீக்குச்சியை விட்டுவிடுகிறார்கள். எளிதில் நெருப்புப் பிடிக்கும் திரியோடு பிறந்த பிள்ளை என்றால் அதைச் சுற்றித் தீக்குச்சி உரசக் கூடாது என்பதுதானே நியாயம்? இங்கே 'உன் திரி சரியில்லை' என்று பிள்ளைக்குத் தீர்ப்பு, உரசுகிறவருக்கு உரிமம்.

2016-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு இதைவிடத் தெளிவு. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு சமூகங்கள். இரண்டுக்குமே பூர்விகம் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப்பக்கம். மரபணுவில் நெருங்கிய உறவு. ஆமிஷ்காரர்கள் குதிரை கட்டி உழுது, வீட்டை ஒட்டியே மாடு வைத்திருப்பவர்கள். ஹட்டரைட்டுகள் எந்திரப் பண்ணைக்காரர்கள். தொழுவம் வீட்டைவிட்டுத் தள்ளி. ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா நூற்றுக்கு 5 பேருக்கு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21 பேருக்கு. ரத்தம் ஏறக்குறைய ஒன்று, நோய் நாலு மடங்கு. வேறுபட்டது வீட்டுத் தூசி. ஆராய்ச்சியை நடத்தியவர்களில் ஒருவர் கரோல் ஓபர், ஆயுள் முழுக்க ஆஸ்துமா ஜீன்களைத் தேடியவர். 'எல்லாம் ஜெனடிக்ஸ்' என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

எதிர்த்தரப்பிடம் ஒரே ஒரு கூரான ஆயுதம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு எரிகா ஃபான் மூட்டியுஸ் என்ற மூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவர், பழுப்பு நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக், ஹாலே பிள்ளைகளையும் சுத்தமான மூனிக் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று நினைத்துப் போனார். நேர்மாறாக இருந்தது. ஆஸ்துமாவும் ஒவ்வாமைச் சளியும் மேற்கில் அதிகம். பார்த்தாயா, புகைக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமில்லை என்பார்கள்.

முழுக்கதையையும் கேளுங்கள். அதே ஆய்வில் மூச்சுக்குழல் அழற்சி, அதாவது பிரான்கைட்டிஸ், கிழக்கில்தான் அதிகம். புகை சும்மா இருக்கவில்லை. வேறு பெயரில் வேலை பார்த்தது. இரவெல்லாம் இருமுகிற பிள்ளைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அம்மாவுக்கும் வியாதியின் பெயரில் என்ன இருக்கிறது? அடுத்து, கிழக்கு ஜெர்மானியருக்கும் மேற்கு ஜெர்மானியருக்கும் ஜீன் வேறா? நாற்பது வருஷப் பிரிவினை ரத்தத்தை மாற்றிவிடுமா? நாடு ஒன்றான சில வருஷங்களிலேயே லைப்ஸிக் பிள்ளைகளிடம் ஒவ்வாமை ஏறத் தொடங்கியது. சில வருஷத்தில் மாறுவது வாழ்க்கைதான், வம்சம் இல்லை. புகையை விடுவிக்கக் கொண்டுவந்த சாட்சி ஜீனைக் கைவிட்டுவிட்டுப் போகிறது.

எண்ணூர் மாதிரி ஊரில் 'பரம்பரை' என்ற பேச்சு ஏன் இவ்வளவு எளிதாகச் செல்லுபடியாகிறது? 1985-லேயே ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்கு விளக்கம் கொடுத்துவிட்டார். ஒரு நாட்டில் எல்லோருமே தினம் இருபது சிகரெட் பிடிக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே நுரையீரல் புற்றுநோயை ஆராய்ந்தால் அது பரம்பரை நோயாகத்தான் தெரியும். எல்லோரும் பிடிப்பதால் சிகரெட் கணக்கில் வராது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்ற வித்தியாசம் உடல்வாகில் போய் நிற்கும். மீனுக்குத் தண்ணீர் தெரியாது என்கிற மாதிரி. தெருவில் எல்லோரும் ஒரே சாம்பலைத்தான் சுவாசிக்கிறோம் என்றால், இந்தப் பிள்ளைக்கு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு ஜீன் பதில் சொல்லும். இந்தத் தெருவுக்கு ஏன் வந்தது என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. டிக் போடுவது முதல் கேள்விக்கு. நாங்கள் கேட்பது இரண்டாவது.

தெருவுக்கு வந்தது எது என்று தெரிந்துகொள்ள வீட்டு மாடிக்கு ஏறினால் போதும். கழிமுகத்துக்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம், 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் அதோடு இன்னொரு 800 சேர்ந்தது. வல்லூர் 1,500. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிக்குக் காமராஜர் துறைமுகம். எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டும் செப்பாக்கம் சாம்பல் குளம். வெயிலில் காய்ந்தால் அது குளம் இல்லை, மாவு. தெற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். 2009-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மதிப்பெண்ணில் மணலிக்கு 76.32. எழுபதைத் தாண்டினாலே 'மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி'. இந்த ஒரு பரீட்சையில்தான் நாங்கள் தேறியிருக்கிறோம். புகைபோக்கியில் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த 2015 டிசம்பரில் விதி வந்தது, இரண்டு வருஷக் கெடுவோடு. கெடு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகம் பிடிக்கும் கருவியே தேவையில்லை என்று முடிந்தது.

தாழங்குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் உங்களுக்கு எப்போது இளைப்பு அதிகம் என்று கேட்டேன். "வாடைல" என்றார், யோசிக்காமல். "கச்சான்ல படுத்துத் தூங்குவேன் தம்பி. வாடை திரும்பிச்சின்னா உக்காந்தேதான் ராத்திரி." வாடை வடக்கிலிருந்து வருவது. வடக்கே என்ன இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். மார்கழிப் பனிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜீனுக்குத் திசை தெரியாதே. (இதே பெரியவர் ஒருமுறை இளைப்பு தீர ஹைதராபாத் போய் விரால் குஞ்சை மருந்தோடு உயிரோடு விழுங்கிவிட்டு வந்தவர். மீனுக்கு மீனவன் ரயிலேறிப் போன கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார்.)

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடு எழுந்து இருட்டில் ஓடினார்கள். உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். எரிச்சலூட்டும் வாயுவை ஒரே ஒரு தடவை அதிகமாகச் சுவாசித்தாலே, அதுவரை நெஞ்சுக்கோளாறு எதுவும் இல்லாதவருக்கு ஆஸ்துமா மாதிரியே ஒரு நோய் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கலாம் என்று ஸ்டூவர்ட் புரூக்ஸ் என்ற மருத்துவர் 1985-லேயே பதிவு செய்துவிட்டார். அதற்குத் தனிப் பெயரும் உண்டு, இலக்கணமும் உண்டு. முதல் நிபந்தனையே முன்பு மூச்சுக்கோளாறு இருந்திருக்கக் கூடாது என்பதுதான். அந்த இரவுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று வருகிறவரிடம் முதல் கேள்வி பாட்டியைப் பற்றியதாகவா இருக்க வேண்டும்?

ஒரு துறைமுக ஊரில் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பார்சிலோனா சாட்சி. 1981 முதல் 1987 வரை அங்கே 26 நாட்களில் மட்டும் திடீர் திடீரென்று ஆஸ்துமா கொள்ளைநோய் போலக் கிளம்பியது. அந்த நாட்களில் அவசரப் பிரிவுகள் நிரம்பி வழியும், மறுநாள் ஒன்றுமிருக்காது. அன்டோ, சுன்யேர் என்ற ஆய்வாளர்கள் நோயாளிகளின் வம்சாவளியோடு நின்றுவிடாமல் துறைமுகத்தின் கப்பல் பதிவேட்டைப் புரட்டினார்கள். அவர்கள் சரிபார்த்த 1985, 1986 வருஷங்களில் கொள்ளைநோய் கிளம்பிய 13 நாட்களிலும் துறைமுகத்தில் சோயா இறக்கியிருந்தார்கள். தானியக் கிடங்கு ஒன்றின் உச்சியில் தூசி வடிகட்டி இல்லை. வடிகட்டி பொருத்தினார்கள். கொள்ளைநோய் நின்றது. அதே காற்றைச் சுவாசித்த லட்சக்கணக்கானவர்களில் கொஞ்சம் பேர்தான் மூச்சுமுட்டி விழுந்தார்கள், அவர்கள் உடம்பு சோயாத் தூசிக்கு எதிராக ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நின்றது என்பதும் உண்மைதான். உடல்வாகு இருந்தது. ஆனால் பழுது பார்த்தது கிடங்கை.

நம்மூர்க் கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மக்கள் வருஷக்கணக்காக ஜன்னல் கம்பியில் கரித்தூசி துடைத்தார்கள். கடைசியில் 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம், அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு. அந்த நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. ராயபுரத்து மூச்சுக்குக் கேடு என்று நீதிமன்றத்தில் ருசுவான பொருள், வடக்கே இருபது கிலோமீட்டர் தள்ளி வந்ததும் 'குடும்ப வாகு' ஆகிவிடுகிறது.

ஜீன் ஆராய்ச்சி வீண் என்று இதற்கெல்லாம் அர்த்தமில்லை. டி.எஸ்.எல்.பி. என்ற புரதம் ஆஸ்துமாவில் முக்கியமான புள்ளி என்பதற்கு ஜீன் ஆய்வுகளும் வலுச்சேர்த்தன. அதைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற ஊசிக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கடுமையான ஆஸ்துமாக்காரர்களுக்கு அது வரம். நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. விலை? எங்கள் தெருவில் இன்ஹேலரோடு சேர்த்து ஸ்பேசர் வாங்கக் காசில்லாமல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, அதில் பம்பைச் செருகி, ஓரத்தைப் பிளாஸ்திரியால் சுற்றிப் பிள்ளை வாயில் வைக்கிற அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஜீன் தேடுகிறவர்கள் தேடட்டும். அவர்கள் கண்டுபிடித்ததைக் காட்டி யாரும் இங்கே வாய்தா வாங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

வாய்தா கேட்காமல் முடிந்த வழக்கும் உலகத்தில் உண்டு. ஜப்பானில் யொக்காய்ச்சி என்ற துறைமுக ஊர். சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ ரசாயனம், மின்நிலையம் எல்லாம் ஒரே இடத்தில். பக்கத்தில் இசோஸு என்ற மீனவக் குப்பம். 1960-களில் அங்கே கிளம்பிய இழுப்புக்கு 'யொக்காய்ச்சி ஆஸ்துமா' என்று ஊர்ப்பெயரே வந்துவிட்டது. 1967-ல் இசோஸுக்காரர்கள் ஒன்பது பேர் ஆறு கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். உன் நெஞ்சில் போனது எந்தக் கம்பெனியின் புகை என்று நிரூபி என்றால் யாரால் முடியும்? 1972 ஜூலை 24 அன்று வந்த தீர்ப்பு அதைக் கேட்கவில்லை. புகை கூடிய இடத்தில் நோய் கூடியிருக்கிறது என்ற நோய்ப்பரவல் கணக்கே போதும், ஆறு பேரும் சேர்ந்தே பொறுப்பு என்றது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் ஜப்பான் ஒரு நஷ்டஈட்டுச் சட்டம் கொண்டுவந்தது. மாசுபட்ட பகுதி எது என்று அரசாங்கம் வரையறுத்தது. அந்தப் பகுதிக்காரர் ஒருவர் ஆஸ்துமா என்று போய் நின்றால் கேள்வி இவ்வளவாகத்தான் இருந்தது: என்ன நோய், எங்கே வசித்தீர்கள், எத்தனை வருஷம்?

அன்று அந்தப் பெண் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துச் சீட்டைத் தேடியபோது, அவர் கையிலிருந்த அட்டையை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் டிக். அதற்கு நாலு வரி மேலே, பெயருக்குக் கீழே, வரவேற்பில் இருக்கும் பெண் உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தார்: நெட்டுக்குப்பம், எண்ணூர், சென்னை-57.